தண்ணீர் எடுத்தால் பிரஷர் விழுமா, முன்கூட்டியே சொல்ல முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். மன்னார்குடி பக்கம் வயலில் கண்ணாடி விரியன் கடித்து, ஐந்து நாளாகத் தஞ்சாவூரில் ஐசியூவில் இருக்கிறார் ஒரு 58 வயது விவசாயி. சிறுநீர் வரவில்லை. 24 மணி நேர டயாலிசிஸ் ஓடுகிறது. முகம், கை, கால் எல்லாம் ஊதியிருக்கிறது. "தண்ணீர் எடுக்கப் பார்த்தோம், பிரஷர் விழுந்தது, நிறுத்திவிட்டோம்" என்கிறார்கள் டாக்டர்கள். மகன் பெங்களூரில் டேட்டா வேலை பார்ப்பவர். "இத்தனை மானிட்டர், இத்தனை ரிப்போர்ட் இருக்கும்போது யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று முன்னாலேயே கணிக்க முடியாதா? சென்னைக்குக் கொண்டுபோனால் முடியுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் டெல்டா பக்கத்து ஐசியூக்களில் பல வருடமாக இருக்கிற டாக்டர். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இதைச் செய்யுங்கள் என்று சொல்லப்போவதில்லை. கணிப்பைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நாளைக்கு முழுக்க இவருக்கு எவ்வளவு தாங்கும் என்று இன்றைக்கே சொல்வது கஷ்டம். அப்படிச் சொல்லும் எண்களை நான் பெரிதாக நம்புவதில்லை. அடுத்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குத் தாங்குமா என்பதை ஓரளவு நன்றாகவே சொல்லலாம். அதற்கு வேண்டியவை பெரும்பாலும் கட்டிலருகிலேயே இருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இயந்திரத்தின் கீழே தொங்கும் பை மளமளவென்று நிரம்புவதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணீர் வருகிறதே, அப்புறம் ஏன் வீக்கம் வடியவில்லை?" என்று கேட்காத உறவினரே இல்லை. அந்தப் பையில் வருவது பெரும்பாலும் இயந்திரத்துக்குள் நாங்களே ஊற்றிய திரவம்தான். கிலோவுக்கு மணிக்கு 20 முதல் 25 மில்லி என்பது வழக்கமான அளவு. அதைவிடக் கூட்டிக் கொடுத்தால் பிழைப்பவர்கள் அதிகமாவதில்லை என்று 2008இல் அமெரிக்காவிலும் 2009இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. 60 கிலோ ஆளுக்கு 25 மில்லி கணக்கில் மணிக்கு ஒன்றரை லிட்டர், ஒரு நாளைக்கு 36 லிட்டர் கழிவுத் திரவம் வரும். ஐந்து லிட்டர் பை ஏழு நிரம்பும். அதில் நோயாளி உடம்பிலிருந்து கூடுதலாக எடுத்தது மணிக்கு 50 மில்லியாகவும் இருக்கலாம், 100 ஆகவும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். இப்படிக் கூடுதலாக எடுப்பதற்குப் பெயர் யுஎஃப். நர்ஸிடம் "யுஎஃப் எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டால் அவர் சொல்லும் எண்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண்.

அதிலும் ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது. மணிக்கு 100 மில்லி எடுத்துக்கொண்டே மருந்துகள், ஆன்டிபயாடிக், மூக்குக்குழாய் வழி உணவு என்று மணிக்கு 80 மில்லி உள்ளே விட்டுக்கொண்டிருந்தால் உண்மையில் குறைவது 20தான். சார்ட்டில் இதை மணிக்கு மணி கூட்டிக் கழித்து எழுதுகிற நர்ஸ் இருக்கும் ஐசியூவில் பாதிப் பிரச்சினை எழுவதே இல்லை. எடை பார்க்கும் கட்டில் எல்லா இடத்திலும் கிடையாது. கிடைத்தாலும், மேலே கிடக்கும் போர்வை, பை, ட்யூப் எல்லாம் சேர்ந்து அந்த எடை நம்மை ஏமாற்றும்.

சரி, ஏன் பிரஷர் விழுகிறது? உங்கள் அப்பா 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் ரத்தத்தின் நீர்ப்பகுதி சுமார் இரண்டரை லிட்டர். உடம்பில் சேர்ந்திருக்கும் உபரித் தண்ணீர் ஆறு லிட்டர் இருக்கலாம். ஆனால் அதில் பெரும்பகுதி ரத்தக்குழாய்க்கு வெளியே, தோலுக்கடியிலும் தசைக்கு நடுவிலும் தேங்கி நிற்கிறது. இயந்திரத்தால் குழாய்க்குள் இருப்பதை மட்டுமே எடுக்க முடியும். மணிக்கு 100 மில்லி எடுத்தால் ஒரு நாளில் 2.4 லிட்டர், அதாவது ரத்தத்தின் நீர் கிட்டத்தட்ட முழுவதும். அப்படி எடுத்தும் ஆள் உயிரோடு இருக்கிறார் என்றால், வெளியே தேங்கியது அதே வேகத்தில் குழாய்க்குள் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கிணற்றில் மோட்டார் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊற்று சுரக்கும் வேகத்தைத் தாண்டி இழுத்தால், சுற்றி வயலெல்லாம் சேறாகக் கிடந்தாலும் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும்.

ஆகவே "தாங்குமா?" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளியில் இருப்பது எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது? வரவு கொஞ்சம் பின்தங்கினால் இதயமும் ரத்தக்குழாய்களும் அதைச் சமாளிக்குமா? இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கே காலையில் ஒன்று, இரவில் ஒன்றாக இருக்கும். ஒருநாள் முன்னதாகச் சொல்லும் கணிப்பு தோற்பது இங்கேதான்.

திரும்பி வரும் வேகத்தைத் தீர்மானிப்பதில் ஆல்புமின் ஒன்று. ரத்தத்தில் இருக்கும் இந்தப் புரதம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் பிடித்து இழுத்து வைக்கிறது. இன்னொன்று, நுண்குழாய்களின் சுவர் எவ்வளவு கசிகிறது என்பது. விரியன் கடிக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணாடி விரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அது நுண்குழாய்களையே ஓட்டைச் சல்லடையாக்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இது நிறையப் பதிவாகியிருக்கிறது. இரண்டு கன்னமும் புட்டாளம்மை வந்ததுபோல் வீங்கும். கண்ணின் வெள்ளைப் பகுதி நீர் கோத்து ஜெல்லி மாதிரி பிதுங்கும். பிரஷர் இறங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தடயம் ஹீமோகுளோபின். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஆளுக்கு அது குறைய வேண்டும், ஆனால் ஏறும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து, மிச்சம் கெட்டியாகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இந்தக் கட்டத்தில் ஆள் பார்ப்பதற்கு ஊதிப் பெருத்திருப்பார், குழாய்க்குள் வறண்டிருப்பார். அப்போது தண்ணீர் எடுத்தால் பிரஷர் விழத்தான் செய்யும். எந்த ஊர் இயந்திரம் வைத்தாலும் விழும்.

நல்ல செய்தி, பிழைப்பவர்களுக்குக் கசிவு சில நாட்களில் அடங்கிவிடும். கன்னம் வடியும், ஹீமோகுளோபின் இறங்கித் தன் நிலைக்கு வரும், பிரஷரைத் தாங்கிப் பிடிக்க ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தின் அளவு தானாகக் குறையத் தொடங்கும். முந்தாநாள் 30 மில்லிகூடத் தாங்காதவர் இப்போது 100 மில்லி எடுத்தாலும் அசையாமல் இருப்பார். விரியன் கடியில் "எத்தனையாவது நாள், கசிவு நின்றதா" என்ற கேள்வியே எந்த ஸ்கோரையும்விட நல்ல கணிப்புக் கருவி என்பது என் அபிப்பிராயம். டெங்குவிலும் இதே கதைதான். ஆனால் அங்கே கசிவு காலண்டர் பார்த்து வருவதுபோல் வரும். விரியனில் அந்த ஒழுங்கு கிடையாது.

எலிக்காய்ச்சல் வேறு மாதிரி. சம்பா வயலில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு மழைக்குப் பின் வருவது இது. இதில் சிறுநீரகம் கெட்டாலும் சிறுநீர் ஓரளவு வந்துகொண்டிருக்கும், இதயத் தசை வீங்கும், நுரையீரலில் ரத்தம் கசியும். இங்கே பிரஷர் விழுந்தால் காரணம் வறட்சியாகவே இருக்க வேண்டியதில்லை; இதயம் தளர்ந்ததாகவும் இருக்கலாம். எக்கோ பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

இனி கட்டிலருகே பார்ப்பவை. ஒரு விரல்நுனியைப் பத்து வினாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் மூன்று வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. கிருமித் தொற்றால் பிரஷர் சரிந்த செப்டிக் ஷாக் நோயாளிகளுக்கு, திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை கொடுப்பதற்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல என்ற அளவுக்கு 2019இல் தென் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனை இதை உயர்த்திவிட்டது. விரல்நுனிக்கு ரத்தம் போகவில்லை என்றால் தண்ணீர் எடுக்க ஆரம்பிக்கும் முன் யோசிப்பேன். முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவதையும் புத்தகங்கள் அடையாளமாகச் சொல்கின்றன. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது அது. நம் வயற்காட்டு ஆட்களின் முழங்காலில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். லாக்டேட் 2க்கு மேல் நின்றாலோ ஏறிக்கொண்டே போனாலோ, நார்அட்ரினலின் கூடிக்கொண்டே போனாலோ தண்ணீர் எடுப்பது தாங்காமல் போகும் வாய்ப்பு அதிகம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

எனக்குப் பிடித்தது காலைத் தூக்கிப் பார்ப்பது. கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, கால் பக்கத்தை 45 டிகிரி உயர்த்தினால் காலிலும் வயிற்றிலும் கிடக்கும் ரத்தத்தில் சுமார் 300 மில்லி இதயத்துக்குத் திரும்பும். வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட ஏற்றாமல், ஏற்றினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதயம் ஒரு நிமிடத்தில் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு அதில் கணிசமாகக் கூடினால், இந்த ஆள் குழாய்க்குள் குறைந்த நீரோடு ஓடிக்கொண்டிருக்கிறார், இதற்கு மேல் எடுத்தால் விழுவார் என்று எடுத்துக்கொள்ளலாம். பிரான்சில் ஐசியூ நோயாளிகளிடம், சில மணி நேரமே ஓடும் சாதாரண டயாலிசிஸுக்கு முன் இதைச் செய்து பார்த்து, பிரஷர் விழப்போகிறவர்களை நன்றாகவே பிரித்துக் காட்டினார்கள். கூடாவிட்டால் விழவே மாட்டார் என்று உறுதி கிடையாது, ஆனால் தைரியம் வரும்.

இதிலும் கண்ணி உண்டு. பிரஷர் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எக்கோவிலோ வேறு மானிட்டரிலோ இதயம் தள்ளும் அளவைப் பார்க்க வேண்டும். வயிறு கெட்டியாக உப்பியிருந்தால் கால் ரத்தம் மேலே வராது, சோதனை பொய் சொல்லும். வலி எடுத்தாலும் நாடியும் பிரஷரும் ஏறி ஏமாற்றும். கடிபட்டு வீங்கிய காலைத் தூக்கினால் வலிக்காமல் இருக்குமா? எனவே காலைக் கையால் தூக்கக் கூடாது, கட்டிலையே சாய்க்க வேண்டும். அப்போதும் விரியன் கடியில் இந்தச் சோதனையை நான் பாதி நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது: எடுக்காவிட்டால் என்ன கெடும்? அல்ட்ராசவுண்டில் கீழ்ப்பெருஞ்சிரை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் புடைத்திருக்கிறதா, கல்லீரலுக்குள் போகும் போர்டல் சிரையில் ரத்தம் சீராக ஓடாமல் துடிக்கிறதா, நுரையீரலில் நீர்க்கோடுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். சிரைப்பக்கம் இப்படித் திணறினால் அதுவே சிறுநீரகத்தைத் தேற விடாது. அப்படிப்பட்டவருக்குக் கொஞ்சம் சிரமப்பட்டாவது தண்ணீரை எடுக்க வேண்டும். கால் வீக்கம் மட்டும் இருந்து நுரையீரல் சுத்தமாக இருந்தால் அவசரமில்லை. உறவினர்கள் கால் வீக்கத்தையே பார்த்துக் கவலைப்படுகிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் ஆளுக்குக் கால் வீக்கம் கடைசியில் வடிகிற விஷயம்.

இப்போது உங்கள் டாக்டர்கள் சொன்னதற்கு வருகிறேன். "எடுத்தோம், விழுந்தது." இந்த இரண்டுக்கும் நடுவில் "அதனால்" இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 24 மணி நேர டயாலிசிஸில் இருப்பவருக்குப் பிரஷர் விழுந்தால் கை தானாக யுஎஃப் பட்டனுக்குப் போகும், அதைப் பூஜ்யமாக்கும். ஆனால் இயந்திரத்தை மாட்டிய முதல் சில நிமிடங்களில் விழுந்தால், 200 மில்லிக்கு அருகில் ரத்தம் இயந்திரத்தின் குழாய்களுக்குள் போனதுதான் பெரும்பாலும் காரணம், தண்ணீர் எடுத்ததல்ல. நார்அட்ரினலின் சிரிஞ்ச் காலியாகிப் புதிது மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில் விழுவது தினம் நடப்பது. ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது விழும். மயக்க மருந்தைக் கூட்டினால் விழும். வெண்டிலேட்டர் அழுத்தத்தை ஏற்றினாலும் விழும். ஐசியூ டயாலிசிஸில் விழும் பிரஷர்களில் ஒரு பகுதிக்கு மட்டுமே ரத்தக்குழாய் வறண்டது காரணம் என்று இதயம் தள்ளும் அளவையும் அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். என் அனுபவமும் அப்படித்தான்.

புதிதாகக் கிருமி தொற்றியிருக்கலாம். இங்கே ஒரு சூட்சுமம்: இயந்திரத்தில் சுற்றிவரும் ரத்தம் குளிர்ந்து திரும்புவதால் காய்ச்சல் தெரியாது. தெர்மாமீட்டர் 98 காட்டிக்கொண்டிருக்கும், உள்ளே செப்சிஸ் ஏறிக்கொண்டிருக்கும். குளிர்ச்சி ரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கவும் செய்யும். அதனாலேயே சிலர் வேண்டுமென்றே திரவத்தின் சூட்டைக் குறைத்து வைப்பார்கள். நல்ல உத்திதான், காய்ச்சல் மறைகிறது என்பது நினைவில் இருக்கும்வரை.

கண்ணாடி விரியனுக்கே உரிய இன்னொன்று, இதை உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ரத்தம் கசிந்தோ உறைந்தோ அது செயலிழந்துபோவது பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் இந்தக் கடிக்குப் பின் பதிவான விஷயம். அப்போது கார்ட்டிசால் சுரக்காது. பிரஷர் என்ன மருந்து கொடுத்தாலும் நிற்காது, சர்க்கரை அடிக்கடி இறங்கும். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் விழும், எடுக்காதபோதும் விழும். இதைத் "தண்ணீர் எடுப்பது தாங்கவில்லை" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. ரத்தத்தில் கார்ட்டிசால் பார்த்து, குறைவாக இருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தால் நிலைமை அன்றைக்கே மாறும். அபூர்வம்தான். ஆனால் சர்க்கரை இறங்கிய குறிப்பு சார்ட்டில் இருந்தால் நான் விடமாட்டேன்.

வேகத்துக்கு எல்லை உண்டா? மேலே சொன்ன ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வின் தரவுகளை வைத்து 2019இல் மறுபடி கணக்குப் போட்டார்கள். கிலோவுக்கு மணிக்கு 1.75 மில்லிக்கு மேல் எடுக்கப்பட்டவர்கள், 1.01க்குக் கீழே எடுக்கப்பட்டவர்களைவிட அதிகம் இறந்திருந்தார்கள். 60 கிலோ ஆளுக்கு 1.75 என்பது மணிக்கு 105 மில்லி. அதற்கு முந்தைய வருடம் அதே குழு அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைத் தரவை வைத்துச் சொன்னது இதற்கு நேர்மாறாகத் தோன்றும்: தண்ணீர் அதிகம் சேர்ந்தவர்களில் கிலோவுக்கு நாளைக்கு 25 மில்லிக்கு மேல் எடுக்கப்பட்டவர்கள், 20க்கும் குறைவாக எடுக்கப்பட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். 25ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு ஒரு மில்லிதான். முரண்பாடு கரைந்துவிடும்: ரொம்ப மெதுவும் ஆகாது, ரொம்ப வேகமும் ஆகாது, நடுவில் ஒரு பட்டை இருக்கிறது.

நீங்கள் டேட்டா வேலை பார்ப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். இவை பின்னால் திரும்பிப் பார்த்த கணக்குகள். யாருக்கு எவ்வளவு எடுப்பது என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை. டாக்டர் ஆளைப் பார்த்துத் தீர்மானித்தார். பிரஷர் ஆடுகிறவருக்குக் குறைத்தார், நுரையீரலில் நீர் நிறைந்து மூச்சு திணறுகிறவருக்குக் கூட்டினார். இறந்தது வேகத்தாலா, அந்த வேகத்தைத் தேவையாக்கிய நோயாலா என்பதைப் புள்ளியியல் முழுமையாகப் பிரித்துவிடாது.

பழைய தரவைக் காட்டிக் கணினி மாடலுக்குக் கணிக்கக் கற்றுக்கொடுக்கும் மெஷின் லேர்னிங்குக்கும் இதே நோய்தான், இன்னும் மோசமாக. "தாங்கவில்லை" என்று எதை வைத்து மாடலுக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள்? சராசரி பிரஷர் 65க்குக் கீழே போனதையா, நார்அட்ரினலின் கூட்டியதையா, யுஎஃப் நிறுத்தியதையா, சலைன் ஏற்றியதையா? ஒவ்வொன்றுக்கும் வேறு விடை வரும். கடைசி மூன்றும் நோயாளியின் உடம்பு செய்ததல்ல, ஊழியர் செய்தது. இரவு இரண்டு மணிக்குப் பயந்த ஜூனியர் முன்னெச்சரிக்கையாக நிறுத்தியதையும் மாடல் "தாங்கவில்லை" என்றுதான் கற்றுக்கொள்ளும். நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தரவில் எங்கும் இல்லை. இப்படிப்பட்ட மாடல்கள் பலவற்றுக்கும் தீனி, எல்லோருக்கும் கிடைக்கும் பாஸ்டன் மருத்துவமனைத் தரவுத்தொகுப்பு. பாஸ்டனில் கண்ணாடி விரியன் கிடையாது. கன்னம் வீங்கியது, கண் பிதுங்கியது என்று அதில் ஒரு கட்டம்கூட இருக்காது.

துல்லியம் நன்றாக இருந்தாலும் என்ன கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போடுவோம். நூறு பேரில் 40 பேருக்குப் பிரஷர் விழும் என்று வையுங்கள். மாடல் விழப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேரைப் பிடிக்கிறது, விழாதவர்களில் முக்கால்வாசிப் பேரைச் சரியாக விடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. 30 பேரைச் சரியாகப் பிடிக்கும், 10 பேரைத் தவறவிடும், தாங்கக்கூடிய 15 பேருக்கும் சேர்த்து மணி அடிக்கும். அந்த 15 பேரிடம் தண்ணீர் எடுக்காமல் விட்டால் அவர்கள் வெண்டிலேட்டரில் இன்னும் சில நாள் கிடப்பார்கள். மணி அடிப்பதில் செலவே இல்லை என்று நினைப்பதுதான் பெரும்பாலான மாடல்காரர்களின் பிழை. ரத்த அழுத்த அலையைப் பார்த்துச் சில நிமிடம் முன்னால் எச்சரிக்கும் கருவிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. அவை சொல்வதற்கும், பிரஷர் ஏற்கெனவே சரியத் தொடங்கியதைக் கண்ணால் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்ற விமர்சனம் எனக்குச் சரியாகவே படுகிறது.

அப்போது என்ன செய்வது? கணிப்பதற்குப் பதில் சின்ன அளவில் கேட்டுப் பார்க்கலாம். 24 மணி நேர டயாலிசிஸின் அருமையே அதுதான். நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் எடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. கிலோவுக்கு அரை மில்லி, அதாவது 60 கிலோவுக்கு மணிக்கு 30 மில்லியில் ஆரம்பிக்கலாம். இரண்டு மணி நேரம் கழித்து விரல்நுனி, சராசரி பிரஷர், நார்அட்ரினலின் மூன்றும் அப்படியே இருந்தால் 60க்குப் போகலாம். அப்புறம் 90. ஏதாவது ஒன்று கெட்டால் முந்தைய படிக்கு இறங்கி, காரணத்தைத் தேடி, சில மணி நேரம் கழித்து மறுபடி ஏறலாம். இது நான் விரும்பும் முறை. எல்லா ஐசியூவிலும் இதே படிகள் இருக்காது. காலை ரவுண்டில் ஒரு எண்ணை எழுதிவிட்டு அடுத்த நாள் காலைவரை அதையே ஓட்டுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. அதேபோல ஒருமுறை விழுந்தது என்று இரண்டு நாளைக்கு யுஎஃப் பூஜ்யத்திலேயே விட்டுவைப்பதும். உங்கள் அப்பாவுக்கு நிறுத்தி எவ்வளவு நேரமாகிறது, மறுபடி முயன்றார்களா என்று தெரியவில்லை. கேளுங்கள்.

உள்ளே போவதைக் குறைப்பது இன்னொரு வழி. மருந்துகளைக் குறைந்த சலைனில் கலப்பது, தேவையில்லாத டிரிப்பை எடுத்துவிடுவது. 20 மில்லி எடுக்க முடியாத ஆளுக்கு 40 மில்லி ஏற்றாமல் இருப்பது அதைவிடப் பெரிது. ஆல்புமின் ஏற்றிக்கொண்டே எடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஆல்புமின் மிகக் குறைவாக இருந்து, சாதாரண டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அது பிரஷரைத் தாங்க உதவியதாக ஆய்வு உண்டு. ஆனால் கசிவு நிற்காதவருக்கு ஏற்றிய ஆல்புமினும் சேர்ந்து கசியும். பாட்டில் விலையும் உங்களுக்குத் தெரியும்.

சென்னைக்குக் கொண்டுபோவதைப் பற்றி. டெல்டாவில் பல இடங்களில் 24 மணி நேர இயந்திரம் கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஓட்டும் டயாலிசிஸை வைத்தே பெரும்பாலானவர்களைத் தேற்றுகிறோம், அதில் பிழைத்து எழுந்து போனவர்கள் ஏராளம். உங்கள் அப்பாவுக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் எடுப்பது தாங்காமல் இருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் அதற்காக நார்அட்ரினலின் ஓடும் ஆளை 300 கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்ஸில் தூக்கிப்போவதை நான் ஆதரிக்க மாட்டேன். வழியில் டயாலிசிஸ் நிற்கும், சிரிஞ்ச் பம்ப் பேட்டரி தீரும், செங்கல்பட்டு டிராஃபிக்கில் பிரஷர் விழுந்தால் ஏறி நின்று காரணம் தேட ஆள் இருக்காது. நுரையீரல் கெட்டு வெண்டிலேட்டரும் போதாமல் போவது, எக்கோவே பார்க்க ஆளில்லாதது போன்ற காரணம் இருந்தால் பேச்சு வேறு. அப்போதும் முதலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் திருச்சியைக் கேட்டுவிட்டு அப்புறம் சென்னையை யோசியுங்கள்.

நாளைக் காலை ரவுண்டின்போது டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை: கடித்த நாளிலிருந்து ஹீமோகுளோபின் ஏறுகிறதா இறங்குகிறதா, கன்ன வீக்கம் வடிகிறதா, நார்அட்ரினலின் நேற்றைவிடக் கூடுதலா குறைவா, பிரஷர் விழுந்த அந்த நேரத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது, எக்கோவில் இதயம் எப்படி, சர்க்கரை எப்போதாவது இறங்கியதா, கார்ட்டிசால் பார்த்தார்களா. வாதாடுவதுபோல் கேட்காதீர்கள், "தெரிஞ்சுக்கலாம்னுதான் சார்" என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். அம்மா இளநீரோடு வாசலில் நின்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இயந்திரம் ஓடும்போது பொட்டாசியம் குறைந்து நாங்களே ஏற்றுவோம், அது நிஜம். ஆனால் இயந்திரத்தைக் கழற்றிய மறுநாள் அதே இளநீர் இதயத்தை நிறுத்தும் அளவுக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடும். எது எந்த நாள் என்று வீட்டில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

சிறுநீர் வரத் தொடங்கினால் இந்தக் கேள்வி முழுவதும் தலைகீழாகும். சிலருக்கு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர்கூடப் போகும். அப்போது எடுப்பதை நிறுத்தி, போவதற்கு ஈடாக ஏற்ற வேண்டியிருக்கும். அதைப் பற்றித் தேவைப்படும்போது கேளுங்கள், எழுதுகிறேன்.